எண் 3சி, உடம்பு 3எஃப்: தாத்தாவின் லைக்காவில் கை வைத்தது யார்?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கெடா பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்த அவருடைய தாத்தாவுக்கு, ஊர் திரும்பிய துரை ஒருவர் தன் லைக்கா கேமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மேல்தகட்டில் உள்ள சீரியல் எண் ஆறு இலக்கம், 46 என்று தொடங்குகிறது. பட்டியலில் தேடினால் 3சி என்ற மாடல் என்று வருகிறது. ஆனால் கேமராவின் பின்பக்கம் ஃப்ளாஷ் ஒயர் செருகும் துளை இருக்கிறது. ஷட்டர் வேக டயலுக்கு அடியில் சிவப்பு எண்களோடு ஒரு வளையமும் இருக்கிறது. இரண்டுமே அதற்கு அடுத்து வந்த 3எஃப் மாடலுக்கு உரியவை. பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் காட்டியபோது ஒருவர் "இது டூப்ளிகேட்" என்று சொல்லிவிட்டாராம். "எண் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது, எதை நம்புவது?" என்பது தம்பியின் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது உண்மையான லைக்காவா என்பது ஒன்று. உண்மை என்றால், பின்னால் நடந்த மாற்றத்தைச் செய்தது லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் தொழிற்சாலையா, வேறு யாராவதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும், சில சமயம் முழுப் பதில் கிடைக்காமலும் போகலாம். கோலாலம்பூரில் பத்து ரோடு என்று நாங்கள் சொல்லும் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், ஒரு கேமரா கடையின் பின்னறையில் ரிப்பேர் வேலை கற்றவன் நான். அன்றிலிருந்து இன்றுவரை அதே வேலைதான். கேமராவைக் கையில் எடுத்துப் பார்க்காமல், தம்பி அனுப்பிய படங்களை மட்டும் வைத்துச் சொல்வதால், எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் டூப்ளிகேட் விஷயம். லைக்கா போலிகள் நிறைய உண்டு என்பது உண்மைதான். அவற்றில் பெரும்பாலானவை சோவியத் நாட்டு ஃபெட், ஸோர்க்கி கேமராக்கள். கார்கிவ் நகரில் 1934 முதல் செய்யப்பட்ட ஃபெட், லைக்கா 2-ஐப் பார்த்து உருவானது. பின்னாளில் அதன் மேல்தகட்டைச் சுரண்டி, லைக்கா என்று பொறித்து, சில சமயம் பொன்னிறம் பூசி விற்றார்கள். கண்டுபிடிக்கும் வழி எளிது. லென்ஸைத் திருகிக் கழற்றுங்கள். லென்ஸ் பொருந்தும் வாயின் மேற்பகுதியில், உள்ளே ஒரு சின்ன நெம்புகோல் முனை தெரியும். லென்ஸ் முன்பின் நகரும்போது அதைத் தொட்டுத்தான் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்ய உதவும் பாகம், வேலை செய்கிறது. லைக்காவில் அந்த முனையில் உருளும் சிறு சக்கரம் ஒன்று இருக்கும். ஃபெட், ஸோர்க்கியில் சக்கரம் இருக்காது, ஆப்பு மாதிரி வழவழப்பான ஒரு துண்டுதான் இருக்கும். நீங்கள் அனுப்பிய முன்பக்கப் படத்தில் சக்கரம் தெளிவாகத் தெரிகிறது. முன்னால், ஷட்டரின் மெதுவான வேகங்களுக்குத் தனியாக மெதுவேக டயலும் இருக்கிறது. போலியாக மாற்றப்படும் முதல் மாடல் ஃபெட், ஸோர்க்கியில் அது கிடையாது. ஆகவே இது லைக்காதான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி எண்ணும் உடம்பும் ஒத்துப்போகாத கதை. லைட்ஸ் நிறுவனம் ஜெர்மனியில் உள்ள வெட்ஸ்லார் தொழிற்சாலையில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தது. பழைய கேமராவை அனுப்பினால், கட்டணம் வாங்கிக்கொண்டு புதிய மாடலின் வசதிகளைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார்கள். ரேஞ்ச்ஃபைண்டரே இல்லாத முதல் மாடல் 1925-இல் வந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் இணைந்த லைக்கா 2 வந்தது 1932-இல். மெதுவேகங்கள் சேர்ந்த 3 அடுத்த ஆண்டே வந்தது. முதல் மாடலை வாங்கியவர்களில் பலர் அதைத் தூக்கிப் போடாமல் 2 ஆகவோ 3 ஆகவோ மாற்றிக்கொண்டார்கள். அப்படி மாற்றும்போது சீரியல் எண்ணைப் பொதுவாக மாற்றமாட்டார்கள். மேல்தகடு புதிதாகப் போட்டால், பழைய எண்ணையே அதில் பொறித்துவிடுவார்கள். எண் கேமரா பிறந்த வருடத்தைச் சொல்லும், இன்று அது என்ன மாடலாக இருக்கிறது என்பதைச் சொல்லாது. பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு "எண் பொருந்தவில்லை, போலி" என்று சொல்பவர்களுக்கு இந்த வழக்கம் தெரிவதில்லை.

உங்கள் கேமராவுக்கு வருவோம். 3சி 1940-இல் வந்தது. போருக்குப் பிறகும் 1951 வரை அதைச் செய்தார்கள். 3எஃப் 1950-இல் தொடங்கியது, அதன் எண்கள் 525001-இலிருந்து ஆரம்பிக்கின்றன. 46 என்று தொடங்கும் எண், 1949 வாக்கில் செய்த 3சி. அந்த எண்ணில் ஃப்ளாஷ் துளையோடு ஒரு கேமரா தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்காது. பின்னால் சேர்த்ததுதான். இதுவும் உறுதி.

எப்போது சேர்த்தார்கள்? அதற்கு அந்தச் சிவப்பு எண்களே சாட்சி. 3எஃப் முதலில் வந்தபோது, வேக டயலுக்கு அடியில், ஃப்ளாஷ் எரியும் நேரத்தை ஷட்டரோடு பொருத்தும் சிங்க் வளையத்தின் எண்கள் கறுப்பில் இருந்தன. 1952-இல் ஷட்டரை மாற்றி அமைத்து, ஃபிலிமுக்கு முன்னால் ஓடும் அதன் இரண்டு துணித் திரைகள் வேகமாக ஓடும்படி செய்தார்கள். அப்போதிலிருந்து எண்கள் சிவப்பு. அதனால் உங்கள் கேமராவில் இந்த வேலை 1952-க்கு முன்னால் நடந்திருக்க முடியாது. முன்பக்கம் தாமத ஷட்டருக்கான (செல்ஃப் டைமர்) நீளமான நெம்புகோல் இருந்தால், இன்னும் இரண்டு வருடம் தள்ள வேண்டும். 3எஃப்-இல் அது 1954-இல்தான் வந்தது. உங்கள் படத்தில் அந்த இடம் விரலால் மறைந்திருக்கிறது.

இப்போது கஷ்டமான பகுதி. யார் செய்தது? இங்கே ஒரே ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். லைட்ஸ் செய்த வேலையில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு, அதோடு சேர வேண்டியதை விட்டுவிடமாட்டார்கள். வெளியாள் கையில் கிடைத்ததைப் போடுவார்.

வேக டயலிலிருந்து தொடங்குங்கள். கறுப்பு எண் 3எஃப்-இல் மேல் டயலின் வேகங்கள் 30, 40, 60, 100, 200 என்று போகும் (30 என்றால் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு). போருக்குப் பிந்தைய 3சி-யிலும் அதே வரிசைதான். சிவப்பு எண் 3எஃப்-இல் 25, 50, 75, 100, 200. உங்களுடையதில் வளையம் சிவப்பு. அப்படியானால் டயலில் 50-உம் 75-உம் இருக்க வேண்டும். சிவப்பு வளையத்துக்கு மேல் 40-உம் 60-உம் இருந்தால், இரண்டு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து, முன்பக்க மெதுவேக டயல். மேல் டயல் எந்த எண்ணில் தொடங்குகிறதோ, அந்த எண்ணில்தான் முன் டயல் முடிய வேண்டும். மேலே 25 என்றால் முன்னாலும் 25, மேலே 30 என்றால் முன்னாலும் 30. பலர் மேல் டயலை மட்டும் மாற்றிவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில் கலப்பு வேலையை அதிகம் காட்டிக்கொடுப்பது இந்த முன் டயல்தான். உங்கள் படத்தில் மேல் டயலில் 75 தெரிகிறது, நல்ல அறிகுறி. முன் டயலின் எண்கள் நிழலில் இருக்கின்றன. அதை மட்டும் பகல் வெளிச்சத்தில் மறுபடி எடுத்து அனுப்புங்கள்.

ஃபிலிம் ஏற்றும் குமிழையும் பாருங்கள். 3சி-யின் குமிழ் தலை வெறுமையாக இருக்கும். 3எஃப்-இல் போட்டிருக்கும் ஃபிலிமின் வேகத்தை நினைவூட்ட ஒரு சிறு வட்டு அதன் தலையில் உண்டு. அது இருந்தால் தொழிற்சாலை வேலை என்பதற்குப் பலம் கூடும். இல்லை என்பதற்காகப் பலம் குறைந்துவிடாது. உடைந்த குமிழை மாற்றுவது எந்த ரிப்பேர்க்காரரும் செய்யக்கூடிய சின்ன வேலை.

ஃப்ளாஷ் துளையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் வெளியாள் கை நன்றாகத் தெரியும். 3எஃப்-இல் அது பின்பக்கம், மேலே உள்ள ஃப்ளாஷ் பொருத்தும் தண்டவாளத்துக்கு நேர் கீழே இருக்கும். 1950-களில் பல ஊர்களில் ரிப்பேர்க்காரர்கள் பழைய லைக்காக்களுக்குத் தாங்களே சிங்க் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் துளையை எங்கே இடம் கிடைத்ததோ அங்கே வைத்தார்கள். முன்பக்கம் வைத்ததுண்டு, ஓரத்தில் வைத்ததுண்டு. அப்படி ஒன்று என் மேஜைக்கு வந்தபோது பத்து மடங்கு கண்ணாடியில் பார்த்தேன். துளையின் விளிம்பில் குரோம் பூச்சு பொடிப்பொடியாகச் சிதைந்து, அடியில் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. பூச்சு போட்ட பிறகு துளைத்தால் அப்படித்தான் ஆகும். உள்ளே துணி சுற்றிய மெல்லிய ஒயர் ஒன்று, ஷட்டர் உருளையின் பக்கத்தில் ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது, ஃப்ளாஷும் சரியாக எரிந்தது. ஆனால் அது லைட்ஸ் வேலை இல்லை. தொழிற்சாலைத் துளையில் விளிம்பு வரை குரோம் ஒரே சீராக இருக்கும். உங்கள் படத்தில் துளை சரியான இடத்தில் இருக்கிறது. விளிம்பு எப்படி என்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பொறிப்பைப் பார்க்கும்போது எழுத்தின் அழகைப் பார்க்காதீர்கள், ஆழத்தைப் பாருங்கள். வெட்ஸ்லாரில் பொறித்த எண்களில் கோட்டின் ஆழமும் அகலமும் முதலிலிருந்து கடைசிவரை மாறாது. எண்களுக்கு இடையில் உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்கும். உள்ளே கறுப்பு நிரப்பியிருக்கும். கையால் பொறித்த எண்ணில் வளைவுகள் தடுமாறும், குறிப்பாக 6, 8, 9-இல். "லைக்கா" என்ற சாய்வெழுத்துக்குக் கீழே டி.ஆர்.பி. என்று இருப்பது ஜெர்மன் அரசின் காப்புரிமைக் குறி. போருக்குப் பிந்தைய கேமராவில் அது ஏன் இருக்கிறது என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். அக்காலத்துக் கேமராக்களில் அது சாதாரணம், கவலை வேண்டாம்.

அடுத்து தேய்மானம். மேல்தகடு புத்தம் புதிதாகவும் அடித்தகடு தேய்ந்தும் இருந்தால், இரண்டுக்கும் வயது வேறு என்று யோசிக்கலாம். ஆனால் நம் ஊரில் இந்தச் சாட்சியத்தை முழுவதுமாக நம்ப முடியாது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் காற்றின் ஈரம் வருடம் முழுவதும் இருக்கிறது. தோல் உறைக்குள் பல வருடம் கிடந்த கேமராவின் அடிப்பகுதி, யாரும் தொடாமலேயே பொரிப்பொரியாகிவிடும், மேல்பகுதி பளபளவென்று இருக்கும். ஐரோப்பாவில் இருக்கும் ஒருவர் படத்தைப் பார்த்து "மேல்தகடு மாற்றப்பட்டது" என்று சொன்னால், அவர் நம் வானிலையைக் கணக்கில் எடுத்தாரா என்று கேளுங்கள்.

திருகாணிகளின் பள்ளங்கள் சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். ஆனால் அது எப்போது நடந்தது என்பதை அது சொல்லாது. 1953-இல் தொழிற்சாலை மாற்றித் தந்த கேமராவை, 1980-இல் யாரோ திறந்திருக்கலாம். உடம்பின் மேலே ஒட்டியிருக்கும் கறுப்பு வல்கனைட் (கெட்டி ரப்பர்) உறையும் அப்படித்தான். வயதானால் அது பிஸ்கோத்துப் போல நொறுங்கும். உடம்பைக் கழற்றினாலே துண்டு துண்டாக விழும், அப்போது வேறு உறை ஒட்ட வேண்டிவரும். புது உறை இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

வெளித்தோற்றத்தைத் தாண்டி ஒரு சோதனை உண்டு. எனக்கு இதில் நம்பிக்கை அதிகம், காரணம் இது நேராக ஷட்டரையே கேட்கிறது. சிவப்பு எண் 3எஃப்-இல் எலக்ட்ரானிக் ஃப்ளாஷுக்கு வளையத்தை 20-இல் வைத்து, வேகத்தை 50-இல் வைப்பார்கள். அந்த வேகத்தில் முதல் திரை முழுக்கத் திறந்து, இரண்டாவது திரை கிளம்பும் முன் ஃப்ளாஷ் எரியும். கறுப்பு எண் கேமராவில் இதற்கு 30-க்கு இறங்க வேண்டும். திரை மெதுவாக ஓடுவதே காரணம். ஒரு கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு, இருட்டான அறையில் ஒரு வெள்ளைச் சுவரை ஃப்ளாஷ் வைத்து 50-இல் எடுங்கள். படம் முழுச் சட்டமும் சீராக வந்தால், ஷட்டரும் உண்மையிலேயே மாற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. பிரின்டில் ஓர் ஓரத்தில் கறுத்த பட்டை விழுந்தால், சிவப்பு வளையம் வெறும் மேல்பூச்சாக இருக்கலாம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பட்டை விழுவதற்கு இரண்டு காரணம் உண்டு என்பதால் அந்த முடிவு மட்டும் சந்தேகத்துக்குரியது. சோதனைக்கு முன் ஒரு விஷயம்: இந்த லைக்காவில் பின்கதவு கிடையாது, ஃபிலிமைக் கீழிருந்துதான் ஏற்ற வேண்டும். ஃபிலிமின் நுனியை 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒல்லியாக வெட்டிக்கொள்ளுங்கள். அப்படியே தள்ளினால் கிழிந்து ஒரு துண்டு உள்ளே மாட்டிக்கொள்ளும், ஷட்டரும் கெடும்.

இவ்வளவும் ஒத்துப்போனாலும் ஓர் எல்லை இருக்கிறது. தொழிற்சாலை மாற்றம் என்று நாம் பேசும்போது வெட்ஸ்லாரை மட்டும் நினைக்கிறோம். லைட்ஸின் கிளைகளிலும் ஏஜென்டுகளின் பட்டறைகளிலும் பயிற்சி பெற்றவர்கள் அசல் பாகங்களை வைத்து வேலை செய்தார்கள். அவர்கள் செய்ததையும் வெட்ஸ்லாரில் செய்ததையும் வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சொல்ல முடியும் என்பவரிடம் ஆதாரம் கேளுங்கள். உங்கள் கேமராவை அந்தத் துரை விடுமுறைக்குப் போனபோது அங்கே கொடுத்து மாற்றியிருக்கலாம். இங்கிருந்தே அனுப்பியிருக்கவும் கூடும். இது என் ஊகம் மட்டுமே. குடும்பத்தில் பழைய ரசீதோ, உறைக்குள் மடித்து வைத்த காகிதமோ இருந்தால் அதற்கு நான் எழுதிய எல்லாவற்றையும் விட மதிப்பு அதிகம். வெட்ஸ்லாரில் உள்ள லைக்கா நிறுவனத்துக்கு எண்ணை எழுதிக் கேட்டால், கேமரா முதன்முதலில் எப்போது, எங்கே அனுப்பப்பட்டது என்று பழைய பதிவேட்டிலிருந்து சொல்ல வாய்ப்பு உண்டு. அது பிறப்புக்கு ஆதாரம். பின்னால் நடந்த மாற்றத்துக்கு அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதே மாதிரிக் குழப்பம் மற்ற கேமராக்களிலும் உண்டு. லைக்கா எம்3 1954-இல் 700000 என்ற எண்ணோடு தொடங்கியபோது, வ்யூஃபைண்டரில் சட்டங்களை மாற்றிப் பார்க்கும் நெம்புகோல் அதில் இல்லை. அடுத்த வருடம்தான் வந்தது. ஆனால் அந்த நெம்புகோலோடு ஆரம்ப எண் எம்3-களும் உண்டு, பலவற்றில் தொழிற்சாலையே பின்னால் சேர்த்தது. இரண்டு முறை இழுத்து ஏற்றும் எம்3-ஐ ஒரே இழுப்பாக மாற்றித் தந்ததும் உண்டு. எம் கேமராக்களில் லென்ஸ் வாயின் உச்சியில் உள்ள திருகாணியை மூடி, எல் என்ற எழுத்து பதித்த ஒரு முத்திரை இருக்கும். முத்திரை இருந்தால், கடைசியாக அந்த வாயைக் கழற்றியவர் முத்திரை வைக்கும் உரிமை உள்ளவர் என்று கொள்ளலாம். உள்ளே எதுவும் மாறவில்லை என்று கொள்ள முடியாது. உங்கள் கேமரா திருகு லென்ஸ் வகை, அதில் இதைத் தேட வேண்டாம்.

ஸைஸ் ஐகான் கான்டாக்ஸ் 2ஏ என்ற இன்னொரு ஜெர்மன் கேமராவிலும் கறுப்பு டயல், வண்ண டயல் என்ற பிரிவு உண்டு. கறுப்பு டயலுக்குத் தனி ஃப்ளாஷ் ஒயர் வேண்டும், வண்ண டயலில் சாதாரண ஒயரே போதும். அந்தக் கேமராக்களில் தோலுக்கு அடியில் பித்தளை பச்சை பூத்துச் சின்னச் சின்ன மேடுகள் எழும். நம் ஊர் ஈரத்தில் அது சீக்கிரமே வரும். பலர் அசிங்கம் என்று நினைப்பார்கள். எனக்கோ அந்த மேடுகள் கலையாமல் இருந்தால் மகிழ்ச்சி, அந்தத் தோலை நெடுநாளாக யாரும் உரிக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

லென்ஸைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எல்மார் 50 மில்லிமீட்டர் என்றும், அதன் எண் போருக்கு முந்தையது என்றும், ஆனால் கண்ணாடி நீலமாக மின்னுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நீலம், ஒளி பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடியில் போடும் பூச்சின் நிறம். போருக்கு முந்தைய எல்மார்கள் பொதுவாகப் பூச்சில்லாமல் வந்தவை. போருக்குப் பிறகு பழைய லென்ஸ்களுக்குப் பூச்சுப் போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர், லைட்ஸும் போட்டது, வெளிப் பட்டறைகளும் போட்டன. பூச்சு பின்னால் வந்தது என்பது ஏறக்குறைய நிச்சயம். போட்டது யார் என்பதை நிறத்தை வைத்துச் சொல்லும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

விலை விஷயத்தில், சேகரிப்பவர்களில் ஒரு பிரிவினர் பிறந்தபடியே இருக்கும் 3சி-யைத்தான் தேடுவார்கள். இன்னொரு பிரிவினர் தொழிற்சாலை மாற்றம் என்று காட்ட முடிந்தால் அதை விரும்பி வாங்குவார்கள். படம் எடுக்க நினைப்பவருக்கு உங்களுடையது 3சி-யை விட வசதியானது. "அசலாக்கித் தருகிறேன்" என்று யாராவது ஃப்ளாஷ் வளையத்தைக் கழற்றி 3சி பாகங்களைப் போட முன்வந்தால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் அது 3சி-யாகவும் இருக்காது, 3எஃப்-ஆகவும் இருக்காது, எதற்கும் சாட்சியம் மிஞ்சாது.

இப்போதைக்குத் தோல் உறையிலிருந்து எடுத்து, ஈரம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும் டிரை பாக்ஸில் வையுங்கள். துடைக்க உலர்ந்த மென்துணி மட்டும் போதும், பொறிப்பில் உள்ள கறுப்பைச் சுரண்ட வேண்டாம். முன் டயல், ஃப்ளாஷ் துளையின் விளிம்பு, எண் பொறிப்பு, ஏற்றும் குமிழின் தலை, விரல் மறைத்த அந்த முன்பக்கம் ஆகியவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.